உஷார்! மாடிப்படிக்குக் கீழே ஒரு பாதி விலை பேட்டரி

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே, செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் அரிசிச் சாக்கை விரித்து அதன்மேல் நீல நிறத் தகரப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அக்கா மகன் சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தான்.

“புது பேட்டரி மாமா. கம்பெனியில 52,000 சொன்னாங்க. வெளியில 26,000தான். இப்ப சார்ஜ் போட்டா விடிகாலையில ஃபுல் ஆயிடும். மாட்டிட்டு ஆர்டர் எடுக்கப் போயிடலாம்.”

மேலே இரண்டு மாடிகள். மூன்று குடும்பங்கள். அத்தனை பேரும் இறங்கி வருவதற்கு இருப்பது அந்த ஒரே படிக்கட்டு.

நான் ப்ளக்கைப் போட விடவில்லை. அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. அக்காவுக்கும் என்மேல் வருத்தம்தான். உணவு டெலிவரி செய்கிற பையன். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய கூலி போச்சு. தெரிந்தேதான் தடுத்தேன். அடுத்த மூன்று நாளில் அந்தப் பெட்டிக்குள் நாங்கள் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. மின்ஸ்கூட்டருக்குப் பேட்டரி மாற்றப்போகிற ஒவ்வொருவரும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இதை இப்போதே எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2021ல் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது நம் ஊரில் எத்தனையோ பேர் மின்ஸ்கூட்டருக்கு மாறினார்கள். அன்று பல வண்டிகளுக்குப் பேட்டரி வாரண்டி 3 வருடம். அது முடிந்துவிட்டது. முன்பு 80 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 35ல் படுத்துவிடுகிறது. கம்பெனி பேட்டரியின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த நேரத்தில்தான் “அதே பேட்டரி, பாதி விலை” என்று ஒருவர் வந்து நிற்கிறார். வாங்குகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை யாரும் ஒரு முறைகூடச் சோதிக்காமல் நேராக வீட்டுக்குள் தூக்கி வருகிறார்களே, அதுதான் என் பயம்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டைச் சூழ்ந்த புகையில் மூச்சுத்திணறி ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். ஏப்ரலில் விஜயவாடாவில், படுக்கையறையில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து வீட்டுக்காரர் இறந்தார். செப்டம்பர் 12 அன்று இரவு செகந்திராபாத்தில், லாட்ஜ் இருந்த கட்டடத்தின் கீழே மின்ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி 8 பேரைக் கொன்றது. அதே மாதம் மும்பைக்குப் பக்கத்தில் வசாயில், கூடத்தில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வெடித்ததில் 7 வயதுப் பையன் ஒருவன் தீக்காயத்தோடு போராடி இறந்துபோனான்.

அந்த வருடத்து விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு விதியை இறுக்கியது. இருசக்கர, மூன்று சக்கர மின்வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற தரநிலை, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டது. பேட்டரியை அதிரவைத்துப் பார்க்க வேண்டும். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கழற்றித் தூக்கிப்போகிற வகை என்றால் 1 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். வேண்டுமென்றே ஷார்ட் செய்ய வேண்டும். அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டும். தண்ணீரில் முக்க வேண்டும். உள்ளே ஒரு செல்லைச் சூடேற்றிக் கொதிக்கவிட்டால் அது பக்கத்துச் செல்களுக்குப் பரவிப் பேட்டரி தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற இடங்களில் இந்த மாதிரிச் சோதனைகள் நடக்கின்றன.

ஆனால் ஒப்புதல் என்பது, அந்த வண்டியோடு சேர்த்துச் சோதனைக்குப் போன அந்தப் பேட்டரிக்குத்தான். ஒரு சின்ன ஷெட்டில் செல்களை அடுக்கி, நிக்கல் பட்டையை வைத்து ஸ்பாட் வெல்டிங் அடித்து, மேலே தகரப் பெட்டியை மூடி, “60 வோல்ட் 30 ஏ.எச்.” என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்களே, அது இந்தச் சோதனைகளில் ஒன்றையாவது பார்த்திருக்குமா? பெரும்பாலும் அதன் முதல் சோதனை உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் நடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். இன்வெர்ட்டர், யு.பி.எஸ். பேட்டரியில் தொடங்கி இப்போது முழுநேரமும் மின்வண்டி வேலைதான். அன்று இரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில், சிமென்ட் தரையில் வைத்தோம். திங்கள் காலை அவர் செய்த முதல் காரியத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. மீட்டரைத் தொடவில்லை. “பக்கத்துல பழைய பேப்பர் கடையில எடை போட்டுட்டு வாங்க சார்” என்றார்.

எடை 8 கிலோ.

“போச்சு” என்றார். அவர் போட்ட கணக்கு இதுதான். 18650 என்கிற உருளைச் செல் ஒன்று 45 கிராம் எடை இருக்கும். 2 ஏ.எச்., அதாவது 2 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள செல் என்று வைத்துக்கொண்டால், 30 ஏ.எச். கொடுக்க 15 செல்லைப் பக்கம்பக்கமாகச் சேர்த்து ஒரு குரூப் கட்ட வேண்டும். அப்படி 17 குரூப் அடுக்கினால்தான் 60 வோல்ட். ஆக 255 செல்; செல் மட்டுமே பதினொன்றரைக் கிலோ. பெட்டி, ஒயர், போர்டு எல்லாம் அதற்கு மேலே. 8 கிலோ பெட்டிக்குள் அத்தனை செல் இருக்கவே முடியாது. குரூப்புக்கு 8 செல் இருந்தால் அதிகம். ஸ்டிக்கர் 30 என்கிறது. உள்ளே இருப்பது 16.

“மைலேஜ் கம்மியாத்தானே கிடைக்கும்?” என்றான் பையன். மெக்கானிக் தலையாட்டினார். “அதோட முடியாது தம்பி. மோட்டார் 30 ஆம்பியர் இழுக்குதுன்னா, 15 செல் இருந்தா ஆளுக்கு 2 ஆம்பியர். 8 செல்லுன்னா ஆளுக்கு கிட்டத்தட்ட 4. பின்னால ஆள் உட்கார்ந்து மேம்பாலம் ஏறும்போது இன்னும் கூடும். ரெண்டு மடங்கு சுமந்தா ரெண்டு மடங்கு சூடு இல்ல, அதுக்கும் மேல.” அவர் சொன்னது சரி. மின்னோட்டம் இரட்டிப்பானால் உள்ளே பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகிறது.

பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தார். 61.9 வோல்ட். மேலோட்டமாகப் பார்த்தால் பழுது சொல்ல முடியாத எண். விற்ற கடையிலும் மீட்டரை வைத்து இதைத்தான் காட்டியிருக்கிறார்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். மொத்த வோல்டேஜ் என்பது ஒரு வகுப்பின் சராசரி மார்க் மாதிரி. யார் ஃபெயில் என்பதை அது காட்டிக்கொடுக்காது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இன்னொன்றும் பார்த்தார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொன்றைத் தகரப் பெட்டியிலும் வைத்தார். பிறகு மைனஸ்ஸுக்கும் பெட்டிக்கும். இரண்டிலும் எண் சில நொடியில் பூஜ்யத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காமல் 20, 30 என்று நிலையாக நின்றால், உள்ளே ஏதோ ஓர் ஒயரோ செல்லோ தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை அப்படியே கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஒரு நிமிட வேலை. எந்தக் கடையிலும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் பெட்டி இதில் தேறிவிட்டது.

மாலையில் பெட்டியைத் திறந்தார். நீங்கள் திறக்காதீர்கள். அவர் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு, கையுறை மாட்டி, டேப் சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் திறந்தார். பேட்டரியில் ஸ்விட்ச் கிடையாது. எப்போதும் உயிரோடுதான் இருக்கும். ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு பட்டைக்கு நடுவே விழுந்தால் உலோகம் உருகித் தெறிக்கும். மோதிரம் போட்ட விரல் என்றால் கேட்கவே வேண்டாம். பல நல்ல பேட்டரிகளில் புளூடூத் வசதியுள்ள பி.எம்.எஸ்., அதாவது செல்களைக் கண்காணித்துக் காக்கிற போர்டு, இருக்கும், பெட்டியைத் திறக்காமலே போனில் ஒவ்வொரு குரூப்பின் வோல்டேஜையும் பார்த்துவிடலாம். வாங்குமுன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

17 குரூப்பில் 15 குரூப் 3.68 வோல்ட். ஒன்று 3.41. இன்னொன்று 3.29. ஒரே தரத்து செல்களால் கட்டிய புதுப் பேட்டரியில், ஓய்வாக இருக்கும்போது, குரூப்புக்குக் குரூப் வித்தியாசம் 0.02, 0.03 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 0.1 என்றாலே சந்தேகப்பட வேண்டும். இங்கே 0.39. அப்படியே விட்டுவிட்டு புதன்கிழமை மறுபடி அளந்தார். 15 குரூப் அசையவில்லை. 3.41 இருந்தது 3.33 ஆகியிருந்தது. 3.29 இருந்தது 3.07. யாரும் தொடாமலே, எந்த லோடும் இல்லாமலே, அந்தச் செல்கள் உள்ளுக்குள் தானாகக் கசிந்துகொண்டிருந்தன.

ஒரு செல் இப்படித் தானாக இறங்குவதற்குப் பல காரணம் உண்டு. மிக ஆபத்தானது உள் ஷார்ட். லித்தியம் செல்லை அதன் அடிமட்டத்துக்கும் கீழே, 2 வோல்ட்டுக்குக் கீழே, நெடுநாள் போட்டுவைத்தால் உள்ளே மின்சாரத்தைச் சேகரிக்கிற தாமிரத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பிறகு யாராவது அதற்குச் சார்ஜ் ஏற்றி உயிர் கொடுத்தால், கரைந்த தாமிரம் வேண்டாத இடங்களில் படிந்து, இரண்டு முனைகளையும் பிரிக்கிற மெல்லிய படலத்தைத் துளைத்துவிடக்கூடும். வெளியே பார்த்தால் செல் புதுசு. உள்ளே ஒரு திரி.

இவை புதுச் செல்களே அல்ல என்பதும் தெரிந்துபோனது. புது ஸ்லீவைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தார் மெக்கானிக். செல்லின் முனையில் ஏற்கெனவே ஒரு முறை பட்டை வெல்டிங் அடித்து, பிய்த்து எடுத்து, தேய்த்த தழும்புகள். பக்கத்துப் பக்கத்துச் செல்களில் வேறு வேறு குறியெண்கள். பழைய லேப்டாப்பிலிருந்தும் செத்த ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்தும் பிரித்தெடுத்தவை என்றார். செல்லுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கிற காப்புத் தாள், தொழிலில் பார்லி பேப்பர் என்பார்கள், பாதி இடத்தில் இல்லை. கடைசியாக அவர் காட்டியதுதான் என்னை உலுக்கியது. பி.எம்.எஸ். போர்டிலிருந்து வருகிற வெப்ப சென்சாரின் ஒயர், எந்தச் செல்லையும் தொடாமல், சுருட்டி ஓர் ஓரத்தில் செருகப்பட்டிருந்தது. பேட்டரி கொதித்தாலும் போர்டுக்குத் தெரியப்போவதில்லை.

பையன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. “அன்னிக்கு ராத்திரி போட்டிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டான்.

அதற்குப் பதில் சார்ஜரில் இருந்தது. அவனுடைய பழைய பேட்டரி லித்தியத்தில் எல்.எஃப்.பி. என்கிற வகை: 20 குரூப், ஒரு குரூப்புக்கு அதிகபட்சம் 3.65 வோல்ட், ஆக முழுச் சார்ஜில் 73 வோல்ட். அதற்கென்று வந்த சார்ஜர் 73 வரை ஏற்றும். புதிதாக வாங்கியது என்.எம்.சி. என்கிற இன்னொரு லித்தியம் வகை: 17 குரூப், அதிகபட்சம் 4.2 வீதம் 71.4 வோல்ட்தான் தாங்கும். இரண்டுமே “60 வோல்ட்” என்றுதான் விற்கப்படுகின்றன. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்துகிறது. “பழைய சார்ஜரே போதும் தம்பி” என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். 73ஐ 17ஆல் வகுத்துப் பாருங்கள்: 4.29. செல் நோயில்லாமல் இருந்தாலே அது எல்லை மீறல். இங்கேயோ இரண்டு குரூப் முழுதாக ஏறாது. அவை 4 வோல்ட்டில் தள்ளாடும்போது மீதி 15ம் சேர்ந்து அந்தப் பாரத்தைச் சுமந்து 4.33க்குப் போயிருக்கும். சார்ஜர் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்; 73 வந்தால்தான் அது நிற்கும். நடுவில் தடுக்க வேண்டியது பி.எம்.எஸ். ஒன்றுதான். சென்சாரையே செருகி மறைத்தவர்கள் வைத்த பி.எம்.எஸ்.

எல்லை மீறிச் சார்ஜ் ஏறினால் லித்தியம், போக வேண்டிய இடத்துக்குள் போக முடியாமல், உலோகமாகப் படிய ஆரம்பிக்கிறது. செல் சூடேறுகிறது. சூடு 100 டிகிரியை நெருங்கும்போதே உள்ளே இரசாயனங்கள் தாமாகச் சிதைந்து மேலும் சூட்டைக் கக்கும். 130 டிகிரி வாக்கில் நடுப் படலம் உருகும். அதன்பிறகு ப்ளக்கைப் பிடுங்கிப் பயனில்லை. ஒரு செல் வெடித்தால் அடுத்தது, அதற்கடுத்தது. வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் இருக்கும், நுரையீரலை அரிக்கிற ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். அத்தனையும் அந்தப் படிக்கட்டு வழியாக மேலே ஏறும்.

குறைவேக ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பழைய லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடுகிறார்கள். சார்ஜரை மட்டும் மாற்றுவதில்லை. நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கான சார்ஜர் 59 வோல்ட் வரை போகும். 13 குரூப் கொண்ட 48 வோல்ட் என்.எம்.சி. பேட்டரியின் எல்லை 54.6. இடைவெளி நாலு வோல்ட்டுக்கு மேலே! பேட்டரி மாற்றினால் சார்ஜரும் கூடவே மாற வேண்டும். உங்கள் சார்ஜரின் அடியில் ‘அவுட்புட்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பேட்டரியின் முழுச் சார்ஜ் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் ப்ளக்கைத் தொடாதீர்கள்.

சரி, கம்பெனி பேட்டரி வாங்கக் கட்டுப்படியாகவில்லை, வெளியில்தான் வாங்கியாக வேண்டும் என்கிற நிலை உண்மையிலேயே இருக்கிறது. அப்படியானால் பணம் கொடுக்குமுன் கேளுங்கள். என்ன வகைச் செல்? எத்தனை குரூப், குரூப்புக்கு எத்தனை செல்? பெட்டியில் வரிசை எண் உண்டா? செல் தயாரித்த கம்பெனி எது? லித்தியம் பேட்டரியை லாரியிலோ விமானத்திலோ அனுப்புவதற்கே ஐ.நா.வின் யு.என். 38.3 என்ற எட்டுச் சோதனைகள் இருக்கின்றன. அந்தச் சோதனைச் சுருக்கத்தை வாங்குபவர் கேட்டால் தரும்படி தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் விதி 2020லிருந்து உண்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள். இந்த நான்கைந்து கேள்விக்கே “நம்பிக்கையில்லன்னா வேற கடை பாருங்க” என்று முகத்தைத் திருப்பினால், நன்றி சொல்லிவிட்டு வேறு கடை பாருங்கள். பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். வண்டிக்கு ஒப்புதல் இல்லாத பேட்டரியை மாட்டினால் நாளைக்குக் காப்பீட்டுக் கம்பெனியும் கைவிரிக்கலாம். அதையும் அந்தப் பாதி விலையோடு கூட்டிப் பாருங்கள்.

வாங்கிவந்ததும் மாட்டாதீர்கள். இரண்டு நாள் வெளியே, வெயில் மழை படாத, வீட்டோடு ஒட்டாத இடத்தில் சும்மா வையுங்கள். வைக்கும்போது ஒரு வோல்டேஜ், இரண்டு நாள் கழித்து ஒரு வோல்டேஜ், போனில் பார்க்க முடிந்தால் குரூப் வாரியாக. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்காது. பிறகு முதல் சார்ஜ். அது பகலில்தான். வெட்டவெளியில்தான். கீழே சிமென்ட் அல்லது மண் தரை; சாக்கு, அட்டைப்பெட்டி, சோபா, கட்டில் எதுவும் அருகே கூடாது. ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் மற்றதைவிடச் சுடுகிறதென்றால் அங்கே ஏதோ கோளாறு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான லித்தியம் செல்களைச் சார்ஜ் செய்ய மேல் எல்லை 45 டிகிரி. சென்னையில் சித்திரை வெயிலில் நிழலிலேயே 40 அடிக்கிறது. ஓடிவந்த வண்டியின் பேட்டரி அந்த எல்லையில்தான் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் ப்ளக் போட வேண்டும். இது புதுப் பேட்டரிக்கு மட்டுமில்லை, எல்லாப் பேட்டரிக்கும்தான்.

சார்ஜ் முடிந்ததும் சார்ஜர் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்து வோல்டேஜை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பேட்டரி மெக்கானிக்கிடம் லோடு டெஸ்டரில் போட்டு, எத்தனை ஏ.எச். வருகிறது, பி.எம்.எஸ். சரியான இடத்தில் வெட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் செலவாகும், ஒரு நாள் போகும். இவ்வளவும் தேறினால்தான் வண்டியில் ஏற வேண்டும். ஏற்றும்போது பிளஸ் மைனஸ்ஸை மீட்டரில் சரிபார்க்க வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பக் கூடாது. பெட்டி ஆடாமல் பட்டை போட்டு இறுக்க வேண்டும், அடியில் ரப்பர் வேண்டும், ஃபியூஸ் கட்டாயம். நம் சாலைக் குழிகளில் தினம் தினம் குலுங்கினால் தளர்வான பெட்டிக்குள் ஸ்பாட் வெல்டிங் விட்டுப்போகும், ஒயர் தகரத்தில் உரசித் தோல் உரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றதை நாம் பார்த்தோம். தண்ணீர் புகுந்த பேட்டரி காய்ந்த பிறகு சாதுவாகத்தான் தெரியும். உள்ளே துரு வளர்ந்துகொண்டிருக்கும். 2022ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் சூறாவளியின் உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள், தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துத் தாமாகத் தீப்பிடித்தன. ஆகவே “கொஞ்சமா யூஸ் பண்ணுன பேட்டரி” என்று யாராவது விற்றால் அது எங்கே, எந்த மழைக்காலத்தில் இருந்தது என்று கேளுங்கள். உப்புப் பூத்த கனெக்டர், துருப்பிடித்த திருகு, பெட்டி ஓரத்தில் சேற்றுக்கோடு இருந்தால் தொடவே வேண்டாம்.

பேட்டரி உப்பினாலோ, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான மணம் வந்தாலோ, குக்கர் ஆவி விடுகிற மாதிரி ‘உஸ்’ என்று கேட்டாலோ அதைத் தூக்கி வெளியே போட முயலாதீர்கள். உங்களுக்கு இருப்பது சில நொடிகளாக இருக்கலாம். ஆட்களை வெளியேற்றுங்கள், போகிற வழியில் மெயின் ஸ்விட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள், கதவைச் சாத்துங்கள், 101 அல்லது 112ஐ அழையுங்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள். பவுடர் அடிக்கிற சிறு தீயணைப்பான் சுடரை அடக்கும், உள்ளே கொதிப்பதை அடக்காது. அதைக் குளிர வைக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். அது தீயணைப்பு வீரர்களின் வேலை. அணைந்த பிறகும் மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட மறுபடி பற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள்.

பையன் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். கடைக்காரர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. “பேட்டரியைத் திருப்பிக் கொடு தம்பி, பணத்தை வாங்கிட்டுப் போ” என்றார். அவனுக்குப் பணம் அவசரம். ஆனால் அந்தப் பெட்டி திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்: புது ஸ்லீவ், புது ஸ்டிக்கர், இன்னொரு மாடிப்படி. செத்த பேட்டரிகளைப் பழைய இரும்புக் கடையில் போடுகிறோமே, அங்கிருந்து கிளம்பித்தான் இந்தச் செல்கள் மறுபடி நம் வீட்டுக்கு வருகின்றன. 2022ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. உங்கள் பழைய பேட்டரியைக் கம்பெனி டீலரிடமோ பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ கொடுங்கள்.

பெட்டியைத் திருப்பித் தரவில்லை. பில் இருந்தது, அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. மெக்கானிக் பேட்டரியைப் பொறுமையாக, குரூப் குரூப்பாக இறக்கி, ஷெட்டுக்குப் பின்னால் மணல் நிரப்பிய பழைய சிமென்ட் தொட்டியில் வைத்திருக்கிறார். மறுசுழற்சிக்காரர்கள் வந்து எடுத்துப்போக வேண்டும். அக்கா மகன் இப்போது நண்பனின் பெட்ரோல் வண்டியை இரவு நேரத்துக்கு மட்டும் வாங்கி ஓட்டுகிறான். அவனுடைய ஸ்கூட்டர் பேட்டரி இல்லாமல் வாசலில் நிற்கிறது. சார்ஜரை நான் எடுத்து வந்துவிட்டேன்.